கப்பல் பாதையில் ஒரு வேன்

— போதும்பா, மிதிக்காதீங்க. மிதிக்க மிதிக்க வண்டி உள்ள இறங்குது.

— இரு, ஒரே ஒரு தடவை ரிவர்ஸ் போட்டுப் பார்த்துடறேன்.

— அப்பா! சேறு கண்ணாடி மேலயெல்லாம் வாரி அடிக்குது. நிறுத்துங்கன்னா நிறுத்துங்க.

— சரி, நிறுத்திட்டேன். கத்தாதே. என்ஜினும் கத்தி நீயும் கத்தினா நான் எதைக் கேக்கறது?

— நான் இறங்கிப் பார்க்கிறேன்.

— செருப்போட இறங்காதே பாப்பா, பிடுங்கி வெச்சுக்கும். வெறுங்கால்ல இறங்கு. மேல உப்பு வெள்ளையா பொருக்குத் தட்டியிருக்கும், அதை நம்பிக் காலை வெச்சுடாதே.

— ஐயோ சாமி! முழங்கால் வரைக்கும் போகுதுப்பா. நாத்தம் வேற குடலைப் புரட்டுது.

— அது ஏரியோட அடிவயிறு. அப்படித்தான் நாறும். இரு, நானும் இறங்கறேன். சக்கரம் எப்படி இருக்கு, சொல்லு.

— பின்சக்கரம் ரெண்டையும் காணோம். முன்னால இடது பக்கம் மட்டும் கொஞ்சம் தலை தெரியுது. அதுக்குள்ள கையை விட்டு என்னத்தைத் துழாவறீங்க? அதான் சொல்றேன்ல.

— தொட்டுப் பார்த்தாத்தான் எனக்குத் திருப்தி. ம். வண்டி வயிறு தரையில உக்காந்துடுச்சு. உன் மூட்டையில போர்வை இருக்கா?

— இருக்கு. எதுக்கு?

— சக்கரத்துக்கு அடியில திணிக்கலாம். பிடிப்பு கிடைச்சா ஏறிடும்.

— அது அம்மா என் கல்யாணத்துக்கு வாங்கினதுப்பா.

— அப்ப வேண்டாம்.

— பரவாயில்ல, இந்தாங்க. போர்வையா முக்கியம்? ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க, நான் திணிக்கிறேன்... மெதுவா... மெதுவாப்பா... போச்சு.

— என்ன போச்சு?

— போர்வை போச்சு. முழுசா உள்ள இழுத்துக்கிச்சு. நுனி கூடத் தெரியலை.

— சரி விடு. இனிமே இது நம்ம கையில இல்ல.

— அப்பா, கொடியெல்லாம் எங்கயோ தூரத்துல இருக்கே?

— என்ன கொடி?

— வேன்காரங்க எல்லாரும் சேர்ந்து நட்டு வெச்சிருக்கீங்களே, வெள்ளைக்கொடி. கெட்டித் தரை எதுன்னு தெரியறதுக்கு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும். அதோ வரிசையா நிக்குது பாருங்க. நாம ஏன் இவ்வளவு தள்ளி வந்தோம்?

— ம்... ஆமாமா, நிக்குது. சொல்றேன் கேளு, அவனுங்க நட்ட கொடியைப் பார்த்துத்தான் இந்த ஏரி எனக்குத் தெரியணுமா? இதே இடத்துல தண்ணி மேல கப்பல் ஓட்டினவன் நான். அவனுங்கல்லாம் அப்ப டிக்கெட் எடுக்காம கயித்து மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சு வந்த பசங்க.

— பெருமை பேசற நேரமா இது? எந்தப் பக்கமா வந்தீங்க, அதைச் சொல்லுங்க.

— கரையிலிருந்து நேராத்தான் வந்தேன். மீன் கம்பெனிக் கட்டடம் தாண்டினதும் கை தானா வலது பக்கம் திரும்பிடுச்சு.

— வலது பக்கம் என்ன இருக்கு?

— கப்பல் பாதை.

— கப்பல் பாதையா? அப்பா, அதுதானே இந்த ஏரியிலேயே ஆழமான இடம்!

— அது எனக்குத் தெரியாதா?

— ஆழமான இடத்துலதானே தண்ணி கடைசியா வத்துச்சு? மேல காஞ்ச மாதிரி இருந்தாலும் அடியில கஞ்சியாத்தானே இருக்கும்? வேன் ஓட்டறவன் மேட்டைப் பிடிச்சுப் போகணும்னு ஊருக்கே சொல்றது நீங்கதானே?

— சொல்றது வாய். ஓட்டறது கை. கை கேக்கணுமே பாப்பா. சொல்றேன் கேளு, கப்பல்காரன் கைக்கு மேடுன்னாலே நடுக்கம். மேட்டுல போனா கப்பல் தரை தட்டும், ஏறின ஜனத்துக்கு ஆபத்து. ஆழத்துல போ, ஆழத்துல போன்னு வாழ்நாள் பூரா பழக்கிட்டு, இப்ப வேனைக் குடுத்து மேட்டுல போன்னா அது எப்படிப் போகும்?

— தண்ணியே இல்லாத ஏரியில ஆழம் தேடிப் போய் மாட்டின ஒரே ஆள் நீங்கதான்பா.

— சிரிக்கிறியா?

— அழக்கூட தெம்பு இல்ல, அதான்.

— நீயும்தான் வண்டியில இருந்தே. வழி மாறினப்பவே ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?

— நான் பின்சீட்டுல மூட்டை மேல சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். போற இடத்தைப் பார்க்கப் பிடிக்கலை.

— உங்கம்மா முன்சீட்டுல இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது.

— அதுதான் எனக்குப் புரியலை. இப்பல்லாம் நீங்க வண்டி எடுத்தா அம்மாவும் ஏறி உக்காந்துக்கிறாங்களாமே? அக்கம்பக்கத்துல எல்லாரும் கேலி பேசறாங்க, கேப்டன் ஜோடி புதுசா கல்யாணம் ஆன மாதிரி சுத்துதுன்னு.

— பேச்சுத்துணைக்கு வர்றா. அதுல அவனுங்களுக்கு என்ன வயித்தெரிச்சல்? இன்னைக்கு அவளுக்கு இருமல் தாங்கலை. நான்தான் படுத்துக்கோன்னு சொன்னேன். ஏரித் தூசி நெஞ்சுல போய் உக்காந்துக்கிச்சு, இறங்க மாட்டேங்குது.

— எனக்கும்தான் தொண்டை கரகரன்னு இருக்கு. சரி, யாரைக் கூப்பிடலாம்? வேன் ஸ்டாண்டுக்குப் போன் போடட்டா?

— வேண்டாம்! அவனுங்களுக்குத் தெரியவே கூடாது. கேப்டன் கப்பல் பாதையில போய் மாட்டினார்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுங்க. அப்புறம் என்னை வண்டி எடுக்கவே விட மாட்டானுங்க.

— அப்ப யாரு?

— மாப்பிள்ளைக்குப் போடு.

— அவருக்கா?

— அவர்கிட்டதானே டிராக்டர் இருக்கு? எப்படியும் அவர் வீட்டுக்குத்தானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்.

— அவரு வந்து, கயித்தைக் கட்டி, வேனோட சேர்த்து என்னையும் இழுத்துட்டுப் போகணுமா?

— வேற வழி இருந்தா சொல்லு.

— நீங்களே போடுங்க.

— என் கை பூரா சேறு. நம்பரை நீ தேடிப் போடு, ஸ்பீக்கர்ல வை. நான் பேசறேன்.

— போகுது. பேசுங்க.

— ஹலோ, யாரு?

— மாப்பிள்ளை, மாமா பேசறேன்.

— என்ன மாமா, இன்னும் வந்து சேரலை? பொழுது சாயறதுக்குள்ள அவளைக் கொண்டாந்து விடறதாத்தானே பேச்சு? புரியுதா?

— பாதி ஏரி வந்துட்டோம் மாப்பிள்ளை. வண்டி கொஞ்சம் சேத்துல இறங்கிடுச்சு. நீங்க டிராக்டரோட வந்தீங்கன்னா நல்லாயிருக்கும்.

— எந்த இடத்துல?

— பழைய கப்பல் பாதையில.

— கப்பல் பாதையிலயா? உங்களுக்கு என்ன மாமா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? சரி, வர்றேன். டேங்கரைக் கழட்டிட்டு வரணும். இங்க ஜனம் குடத்தோட நிக்குது, ஊத்தி முடிச்சிட்டுத்தான் கிளம்ப முடியும். புரியுதா? அவ பக்கத்துல இருக்காளா?

— இருக்கா மாப்பிள்ளை.

— இருக்கட்டும். வந்து பேசிக்கிறேன். அவளை எங்கயும் நடந்து போக விட்டுடாதீங்க. புரியுதா?

— வெச்சுட்டாருப்பா.

— கோபமாத்தான் இருக்காரு. வீட்டுக்குப் போனா தணிஞ்சிடும்.

— "வந்து பேசிக்கிறேன்"னு சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?

— வாய் கொஞ்சம் வேகம். அவ்வளவுதான். கை நீட்டற ஆள் இல்லைன்னு நீயே உங்கம்மாகிட்ட சொல்லியிருக்கே.

— கை நீட்ட மாட்டார்.

— குடி கிடையாது.

— கிடையாது.

— அப்புறம் என்னதான் பாப்பா? நானும் உங்கம்மாவும் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சு. நம்ம வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டா நாங்க என்னன்னு நினைக்கிறது?

— சொன்னா இவ்வளவுதானான்னு கேப்பீங்க.

— கேக்க மாட்டேன். எனக்கும் எல்லாம் அலுத்துப்போச்சு. இந்தா, வெயில்ல நிக்காதே, வண்டிப் படியில நிழலா இருக்கு, வந்து உக்காரு. தண்ணி பாட்டில் டிரைவர் சீட்டுக்குக் கீழ இருக்கு, எடுத்துக் குடி.

— நீங்க குடிச்சீங்களா?

— நீ முதல்ல குடி. ஏன், ஒரு மடக்கோட மூடிட்டே? நல்லாக் குடி, நிறைய இருக்கு.

— போதும்பா. பழகிடுச்சு.

— என்ன பழகிடுச்சு?

— அளவு.

— புரியற மாதிரி சொல்லு.

— அங்க வீட்டுல தண்ணி டிரம் ஒண்ணு இருக்குல்ல, நீலக் கலர்ல. அதுக்குப் பூட்டுப் போட்டிருக்கார்.

— ஊர்ல எல்லா வீட்டுலயும்தான் பூட்டறாங்க. இப்பல்லாம் நகையை விட்டுட்டுத் தண்ணியைத்தானே திருடறான்.

— அவரு திருடனுக்குப் பூட்டலைப்பா. எனக்குப் பூட்டியிருக்கார்.

— உனக்கா?

— சாவி அவர் இடுப்புல இருக்கும். காலையில திறந்து ஒரு குடம் எடுத்து வைப்பார். மனசு நல்லாயிருந்தா சாயங்காலம் இன்னொரு குடம். கோபம்னா அது கிடையாது. எதுக்குக் கோபம் வரும்னு எனக்கு இன்னும் பிடிபடலை. சாப்பாட்டுல உப்பு தூக்கலா இருக்கும், சட்டை காயாம இருக்கும், அம்மாகூடப் போன்ல ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசியிருப்பேன். உடனே சாவியை எடுத்துச் சொருகிக்கிட்டு டிராக்டர்ல ஏறிப் போயிடுவார்.

— போயிட்டு எப்ப வருவாரு?

— ராத்திரி. சில சமயம் மறுநாள்.

— அதுவரைக்கும் நீ தண்ணிக்கு என்ன பண்ணுவே?

— ஒண்ணும் பண்ண மாட்டேன். உக்காந்திருப்பேன்.

— பக்கத்து வீட்டுல கேட்டா ஒரு சொம்பு குடுக்க மாட்டாங்களா?

— அவங்களுக்கும் இவர்தானேப்பா ஊத்தறார். ஒரு தடவை பக்கத்து வீட்டு அக்கா பின்பக்கமா வந்து ஒரு சொம்பு குடுத்தாங்க. அதுக்கப்புறம் அவங்க வாசல்ல டேங்கர் நிக்கவே இல்ல. அவங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து இவர்கிட்ட மன்னிப்புக் கேட்டப்புறம்தான் ஊத்தினார். இப்ப என்னைப் பார்த்தா கதவைச் சாத்திக்கிறாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியுமா?

— நீ இதை அவர்கிட்டயே கேக்கலையா? என்னய்யா இது அநியாயம்னு?

— கேட்டேன். "ஊருக்கே ஊத்தறவன் நான், என் தண்ணிக்கு நான் பூட்டுப் போடறேன், புரியுதா?"ன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார்பா. அடிக்கிறவர்னா காட்டறதுக்கு ஒரு காயமாவது இருக்கும். இதை யார்கிட்ட எதைக் காட்டிச் சொல்றது? கடைசியா கிளம்பி வந்தேனே, அதுக்கு முந்தின நாள் துணி அலசின தண்ணியைக் குடிச்சேன். வாளியில மிச்சம் இருந்துச்சு. சோப்பு நுரை ஒதுங்கற வரைக்கும் காத்திருந்து குடிச்சேன்.

— இதை ஏன் வந்தன்னைக்கே சொல்லலை?

— வெக்கமா இருந்துச்சு. கப்பல் கேப்டன் பொண்ணு, ஏரியில விழுந்து புரண்டு வளர்ந்தவ. குடிக்கத் தண்ணி இல்லைன்னு எந்த வாயால சொல்வேன்?

— பாட்டிலை எடு.

— எதுக்கு?

— எடுத்துக் குடி. முழுசையும் குடி. எனக்கு வேண்டாம். குடிக்கிற சத்தம் கேக்கணும் எனக்கு.

— குடிக்கிறேன்பா. நீங்க அழாதீங்க.

— நான் எங்க அழறேன்? உப்புத் தூசி. கண்ணு எரியுது.

— அங்க போய் என்னை விட்டுட்டு நீங்க எப்படித் திரும்பிப் போவீங்க?

— சொல்றேன் கேளு. எனக்கும் வேற வழி தெரியலை பாப்பா. நம்ம தெருவுல எத்தனை வீட்டுல விளக்கு எரியுதுன்னு நீயே பார்த்தே. மீன் கம்பெனியை மூடினதும் பாதிப் பேர் போனாங்க. கப்பல் நின்னதும் மிச்சப் பேர் போனாங்க. நாங்களும் அடுத்த மாசம் உங்க அண்ணன்கிட்டப் போயிடறதா இருக்கோம். அங்க ஒத்தை ரூம். அவன், அண்ணி, ரெண்டு பிள்ளைங்க, அதுல நாங்க ரெண்டு பேர் வேற. உன்னையும் கூட்டிட்டுப் போய் எங்க படுக்க வைப்பேன்?

— இங்கேயே இருந்து வேன் ஓட்டலாமே? நானும் ஏதாவது வேலை பார்க்கிறேன்.

— இந்த வண்டி ரொம்ப நாள் ஓடாது.

— ஏன், என்ஜின் நல்லாத்தானே இருக்கு?

— வயசாயிடுச்சும்மா.

— வண்டிக்கா, உங்களுக்கா?

— ரெண்டுக்கும்னு வெச்சுக்கோ. எனக்கு நல்லா நடமாட்டம் இருக்கும்போதே உன்னை ஒரு வீட்டுல விட்டுடணும்னு பார்த்தேன். அப்புறம் நீ என்னைத் தூக்கிச் சுமக்கற மாதிரி ஆயிடக் கூடாது.

— யாரு யாரைச் சுமக்கறது இப்ப? நல்லா இருக்கற மனுஷன் ஏன் இப்படிப் பேசறீங்க?

— கப்பலை அறுத்தப்பவே எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு. பழைய இரும்புக்கு வாங்கினவன் மெஷினை வெச்சு அறுத்தான், உனக்கு ஞாபகம் இருக்கா? சத்தம் நம்ம சமையலறை வரைக்கும் வந்துது. உங்கம்மா ரேடியோவை அலற விட்டா. நான் கேக்கக் கூடாதுன்னு.

— அன்னைக்கு நீங்க சாப்பிடவே இல்ல.

— ரேடியோவுல நேத்துக்கூட சொன்னான். உலகம் பூரா இப்படித்தானாம். கடல்னு பேர் வெச்ச பெரிய பெரிய ஏரியெல்லாம் சுருங்கிக்கிட்டே போகுதாம். வர்ற ஆத்தை மேலயே மறிச்சு வயலுக்குத் திருப்பிடறானாம், மிச்சத்தை வெயில் குடிச்சிடுதாம்.

— நான் நம்ம ஏரிக்கு மட்டும்தான் ராசியில்லைன்னு நினைச்சேன்.

— எல்லா ஏரியிலயும் எவனாவது ஒரு கேப்டன் வேன் ஓட்டிக்கிட்டு இருப்பான், பாவம்.

— மேட்டுலயா, ஆழத்துலயா?

— குத்திக் காட்டறதுல நீ அப்படியே உங்கம்மா.

— அப்பா, ஒண்ணு கேப்பேன். நிஜத்தைச் சொல்லணும்.

— கேளு.

— வேணும்னே கொண்டாந்து இங்க மாட்டினீங்களா?

— என்னது?

— என்னை அங்க விட மனசு வராம, வழியிலேயே வண்டியைச் சேத்துல இறக்கிட்டீங்களா? நீங்க போய்க் கப்பல் பாதையை மறந்து ஏறுவீங்கன்னு என்னால நம்பவே முடியலை.

— அப்படி நினைச்சா உனக்கு ஆறுதலா இருக்கா?

— ரொம்ப.

— அப்ப அப்படியே வெச்சுக்கோ.

— பேச்சை மாத்தாம சொல்லுங்க.

— பேச்சை அப்புறம் வெச்சுக்கலாம். காத்து மாறிடுச்சு, முகத்துல படுதா? உப்புத் தூசி வரப்போகுது. ஏறு, ஏறு. கண்ணாடியை ஏத்து. முந்தானையை நனைச்சு மூக்குல கட்டிக்கோ.

— தண்ணி மிச்சமே இல்லப்பா, முழுசையும் குடிக்க வெச்சுட்டீங்களே.

— அப்ப சும்மாவே கட்டிக்கோ. என் பக்கத்துல வந்து குனிஞ்சு உக்காரு.

— ஐயோ சாமி, வண்டியே ஆடுது. வெளியில ஒண்ணுமே தெரியலை. கண்ணாடி பூரா சேறும் தூசியுமா அப்பிக்கிச்சு.

— கொஞ்ச நேரத்துல அடங்கிடும். மூச்சை மெதுவா விடு. பேசாதே.

— பேசாம இருந்தா பயமா இருக்கு. இதுல அவர் டிராக்டரை எடுத்துட்டு வருவாரா?

— வருவான். தன் பொருள் தன் கைக்கு வரலைன்னா அவனுக்குத் தூக்கம் வராது.

— இவ்வளவு நேரம் "வருவாரு"ன்னு பேசினீங்க.

— அவனைப் பார்த்துப் பார்த்து எடுத்தேன் பாப்பா. டாக்டர் மாப்பிள்ளை வேண்டாம், ஆபீஸ் மாப்பிள்ளை வேண்டாம், தண்ணி டேங்கர் வெச்சிருக்கற பையன் போதும்னு உங்கம்மாகிட்ட அடிச்சுப் பேசினேன். நாளைக்கு எவன் வீட்டுல தண்ணி இருக்குதோ இல்லையோ, என் பொண்ணு வீட்டுல இருக்கும்னு நினைச்சேன்.

— இருந்துச்சுப்பா. டிரம் நிறைய இருந்துச்சு.

— போதும், சொல்லாதே. என்னால தாங்க முடியலை.

— அவர் வந்தா நான் இறங்க மாட்டேன். இந்தச் சீட்டை விட்டு அசைய மாட்டேன். வேனோட இழுத்துட்டுப் போனா போகட்டும்.

— காத்து குறைஞ்சிடுச்சு. இரு, நான் இறங்கிப் பார்க்கிறேன்.

— டிராக்டர் சத்தம் எதுவும் கேக்கலையே?

— நீ உள்ளேயே இரு... அதோ நிக்கிறான்.

— யாரு?

— வேற யாரு? உன் புருஷன்தான். செகப்புச் சட்டை போட்டுக்கிட்டு, காலைப் பரப்பிக்கிட்டு நிக்கிறான்.

— டிராக்டர் எங்க?

— கெட்டித் தரையில நிறுத்திட்டு நடந்து வந்திருப்பான். இங்க இறக்கினா அதுவும் மாட்டும்னு தெரியாதவனா அவன்?

— அப்பா, அவர் முகத்தை நான் பார்க்க மாட்டேன்.

— பார்க்காதே. கதவைச் சாத்திக்கிட்டுக் குனிஞ்சு உக்காரு. நான் பேசறேன்.

— என்ன பேசப் போறீங்க?

— கதவைச் சாத்துன்னேன்ல!... மாப்பிள்ளை! அங்கேயே நில்லுங்க, கிட்ட வர வேண்டாம். நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் பேசுங்க. வண்டியை இழுக்கறதுன்னா இழுங்க, இல்லைன்னா விட்டுட்டுப் போங்க. ஆனா என் பொண்ணு உங்ககூட வர மாட்டா. கொண்டாந்து விடறேன்னு வார்த்தை குடுத்தேன், ஆமா குடுத்தேன். அந்த வார்த்தையை இந்தச் சேத்துலயே போட்டு மிதிச்சுட்டேன்.

— அப்பா! என்ன சொல்றார்?

— ஒண்ணும் பேசலை. முறைச்சுக்கிட்டு நிக்கிறான். நிக்கட்டும்... கேளுங்க மாப்பிள்ளை. என் கப்பல்ல திருடன் ஏறியிருக்கான், டிக்கெட் இல்லாதவன் ஏறியிருக்கான், என்னைக் கெட்ட வார்த்தை சொன்னவன் ஏறியிருக்கான். எவன் தண்ணின்னு கேட்டாலும் முதல்ல தண்ணி குடுத்துட்டுத்தான் மத்த பேச்சு. நீங்க கட்டின பொண்டாட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கீங்க. சோப்புத் தண்ணியைக் குடிச்சிருக்கா என் பொண்ணு. அதைக் கேட்டப்புறமும் உங்களை வாங்க போங்கன்னு கூப்பிட எனக்கு வாய் வரலை. போடா! உன் டிரம்மை நீயே கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படு!

— ஐயோ அப்பா...

— எங்களுக்கு ஒத்தை ரூம் போதும். காலை மடக்கிக்கிட்டுப் படுத்துக்கறோம். இருக்கற தண்ணியை எல்லாரும் பங்கு போட்டுக் குடிப்போம். என்னடா, வாயைத் திறந்து பதில் சொல்லேன்? உனக்குத்தான் புரியுதா புரியுதான்னு கேக்கத் தெரியுமே. இப்ப நான் கேக்கறேன், புரியுதா?

— போதும்பா. உள்ள வாங்க. எனக்கு இது போதும்.

— நீ இரு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறான் பாரு. எவ்வளவு திமிர் இருந்தா அசையாம நிப்பான்?

— அசையலையா?

— ஒரு இம்மி அசையலை.

— இருங்க, நானும் இறங்கறேன். உங்களைத் தனியா நிக்க விட்டுட்டு நான் என்னத்துக்கு ஒளிஞ்சுக்கணும்?

— வேண்டாம் பாப்பா.

— இறங்கிட்டேன்பா. எங்க நிக்கிறார்?

— கண்ணெதிர்ல நிக்கிறவனை எங்கங்கறே? அதோ, கையை நீட்டறேன் பாரு. செகப்புச் சட்டை.

— அங்கயாப்பா?

— அங்கதான். பயப்படாதே. நான் இருக்கேன்ல.

— தூசி சுத்தமா அடங்கிடுச்சுப்பா. வெயில் பளிச்சுன்னு அடிக்குது. மறுகரை வீடு வரைக்கும் தெரியுது.

— அதுக்கென்ன இப்ப?

— அம்மா ஏன் முன்சீட்டுல கூடவே வர்றாங்கன்னு இப்பத்தான் புரியுதுப்பா. என் கையைப் பிடிச்சுக்கோங்க.

— எதுக்கு?

— நல்லாத்தான் பேசினீங்கப்பா. ஆனா அவர் இன்னும் வரலை. அங்க சேத்துல சொருகிக்கிட்டு நிக்கிறது, கப்பலுக்கு வழி தெரியணும்னு நீங்களே செகப்புப் பெயின்ட் அடிச்சுத் தண்ணியில விட்ட மிதவை.